வளரும் நாட்டில் எட்டு மாதம்

1915ல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளியலுக்கென்று முதன்முறையாக ஒரு பேராசிரியரை நியமித்தது. வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில், தொழிலாளர்கள் படிப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தார். இங்கிலாந்து விவசாயிகள் தங்கள் பொதுநிலங்களை எப்படி இழந்தார்கள் என்று புத்தகம் எழுதியவர். ஆனால் கமலை, கண்மாய், குத்தகை, வாரம் இதெல்லாம் அவருக்குப் புதிது. எதிரே உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கோ அவை பிறந்ததிலிருந்து தெரிந்தவை, படிக்க வேண்டிய விஷயம் என்று மட்டும் தோன்றியதில்லை.

ஸ்லேட்டர் செய்தது எளிய காரியம். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற பையன்கள் கையில் ஒரு நீளமான கேள்வித்தாளைக் கொடுத்தனுப்பினார். ஊரில் எத்தனை வீடு, எத்தனை மாடு, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, கூலி என்ன, கடன் என்ன. போய் எண்ணிக்கொண்டு வா. அப்படி வந்த கணக்குகளைத் தொகுத்து 1918ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் ஆங்கிலப் புத்தகத்தைப் பல்கலைக்கழகப் பொருளியல் வரிசையின் முதல் நூலாக வெளியிட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் பாலக்குறிச்சி, திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், தென்னாற்காட்டில் இருவேல்பட்டு என்று போகும் அந்தப் பட்டியலில் அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து ஓர் ஊர் இருக்கிறது. வடமலாபுரம். சிவகாசிப் பக்கம். மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டி 1910ல் உண்டாக்கிய ஜில்லா அது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதே ஜில்லாதான்.

நான் அருப்புக்கோட்டைக்காரன். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்து, சாப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரியில் இந்த மாதிரிப் பழைய புத்தகங்களைப் புரட்டுகிறவன். ஸ்லேட்டரைத் தேடிப் போகக் காரணம் என் அக்கா மகள். ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், வயது பதினேழு. வீட்டில் எல்லாரும் இன்ஜினியரிங்கா, நர்ஸிங்கா, பி.காமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் 'சர்வதேச வளர்ச்சி' என்று ஒரு இளங்கலைப் படிப்பைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். கனடாவில், இங்கிலாந்தில் இருக்கிறது. "அதுல என்னம்மா சொல்லித் தருவாங்க?" என்று அக்கா கேட்டதற்கு, "ஏழை நாடு ஏன் ஏழையா இருக்குன்னு" என்றாள். "அதுக்கு எதுக்குக் கனடா? இந்தா, திருச்சுழி பஸ்ல ஏறு" என்றாள் அக்கா.

அந்தப் படிப்புக்கு என்னென்ன தேவைகள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். நானும் அவளும் உட்கார்ந்து வாசித்தோம். பொருளியலில் இரண்டு தாள். புள்ளியியல். அரசியல், மானிடவியல், சுற்றுச்சூழல் இவற்றில் இத்தனை, இத்தனை. ஆய்வு முறைகள். வேறொரு மொழி தெரிந்தால் நல்லது. கடைசி ஆண்டில் ஆய்வேடு. இதெல்லாம் சரி. நடுவில் ஒரு வரியில் அவள் விரலை வைத்து நிறுத்தினாள். குறைந்தது எட்டு மாதம் ஒரு வளரும் நாட்டில் தங்கி வேலை செய்ய வேண்டும்.

"நான் பதினேழு வருஷம் இருந்துட்டேனே மாமா. அதைக் கழிச்சுக்குவாங்களா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குச் சிரிப்பு போதாது. கல்விக்கடன், அக்காவின் நகை, அத்தானின் பவர்லூம் வருமானம் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. வளர்ச்சியைப் படிக்க ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும், படித்து முடிப்பதற்குள் அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று யார், எப்போது, யாருக்காக முடிவு செய்தார்கள்? அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

*

'வளர்ச்சி' என்பது தனிப் படிப்பாக ஆனது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1949 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தன் பதவியேற்பு உரையின் நான்காவது அம்சமாக, பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யப்போவதாக அறிவித்தார். உதவி என்று ஒன்று வந்தால் உதவி செய்ய ஆள் வேண்டும், ஆளுக்குப் பயிற்சி வேண்டும். 1952ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு நிறுவனம். பிரிட்டனில் 1964ல் வெளிநாட்டு வளர்ச்சிக்கென்று தனி அமைச்சகம், அதன் பின்னாலேயே 1966ல் சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் வளர்ச்சி ஆய்வு நிறுவனம். 1973ல் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு துறை. இதற்கெல்லாம் முன்பு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் காலனி அதிகாரிகளைப் பயிற்றுவித்து அனுப்பிக்கொண்டிருந்தன. காலனிகள் போய்விட்டன, பயிற்சியின் கட்டமைப்பு மிச்சமிருந்தது. புதிய படிப்பில் பழைய வாடை கொஞ்சம் அடித்தது என்றால் ஆச்சரியமில்லை.

வெளியிலிருந்து வருகிறவருக்கான படிப்பு என்பதால்தான் அந்த எட்டு மாத நிபந்தனை. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகம் 1980களிலேயே இப்படியொரு படிப்பைத் தொடங்கிவிட்டது. மாணவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வெளிநாட்டில் ஏதாவதொரு வளர்ச்சி அமைப்பில் வேலை பார்த்துவிட்டு வந்து ஆய்வேடு எழுத வேண்டும். நல்ல நிபந்தனைதான். அதே ஸ்கார்பரோவில், அதே 1980களில்தான், யாழ்ப்பாணத்திலிருந்து போர் துரத்திவிட்ட தமிழர்கள் வந்து குடியேறினார்கள். வளரும் நாட்டைப் பார்க்க மாணவர்கள் விமானம் ஏறுகிற ஊரில், வளரும் நாடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தது.

இப்போது ஸ்லேட்டரிடம் திரும்புகிறேன். 1916ல் சென்னையில் அவர் வைத்த நிபந்தனை இதற்கு நேர் எதிரானது. அவர் மாணவர்களை அந்நிய ஊருக்கு அனுப்பவில்லை, பெரும்பாலும் சொந்த ஊருக்கே அனுப்பினார். தெரிந்த ஊரைத் தெரியாத ஊர்போலப் பார்க்கச் சொன்னார். இதில் ஒரு கோளாறு உண்டு. அன்றைக்குச் சென்னையில் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் யார்? அதே 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை, படிப்பையும் பதவியையும் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எண்களோடு கேட்டது. ஆகவே சொந்த ஊர் என்றால் அது பெரும்பாலும் ஊரின் ஒரு தெருவிலிருந்து பார்த்த ஊர். சேரிக்குள் போய் அடுப்பு எத்தனை என்று எண்ணினார்களா, அல்லது திண்ணையில் உட்கார்ந்தபடி பண்ணையாளைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினார்களா? எனக்கு இரண்டாவதுதான் அதிகம் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பலமும் இருந்தது. ஸ்லேட்டரே அதை நினைத்துச் செய்தாரா என்று எனக்குச் சந்தேகம். கணக்கெடுத்த பையன் அடுத்த பொங்கலுக்கும் அதே ஊருக்குத்தான் போக வேண்டும். தப்பாக எழுதினால் கேட்க ஆள் இருக்கும். "என்னப்பா, எங்க வீட்டுல ரெண்டு மாடுன்னு எழுதிட்டியாமே?"

அந்தக் கிராமங்களுக்குப் பிறகும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1930களின் பிற்பகுதியில் மறுபடி கணக்கெடுத்து 1940ல் வெளியிட்டார்கள். மார்கரெட் ஹாஸ்வெல் போய் 1967ல் எழுதினார். வடமலாபுரத்துக்கு வெங்கடேஷ் ஆத்ரேயா போனார், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையாக அது 1985ல் வந்தது. ஒரே ஊரை இத்தனை தலைமுறை திரும்பத் திரும்ப எண்ணியது உலகத்திலேயே அபூர்வம். இதன் தொடக்கம் ஒரு விடுமுறை வீட்டுப்பாடம்.

*

விருதுநகர் தாண்டி மேற்கே போனால் தே. கல்லுப்பட்டி வருகிறது. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம், 1940ல் கோ. வெங்கடாசலபதி தொடங்கியது. ஜே.சி. குமரப்பா தன் கடைசி வருடங்களைக் கழித்தது அங்கேதான். இந்தப் பக்கத்துக்காரர்களே நிறையப் பேருக்கு அது தெரியாது. தஞ்சாவூரில் 1892ல் பிறந்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கையாளராகத் தேர்ந்தவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். இந்தியாவின் வறுமைக்கும் பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே எழுதிய ஆய்வேட்டை 1929ல் காந்தியிடம் கொண்டுபோய்க் காட்டினார். காந்தி அதைப் பாராட்டிவிட்டுச் சும்மா அனுப்பவில்லை. குஜராத்தில் மாத்தர் தாலுகாவுக்குப் போய் ஒவ்வொரு கிராமமாகக் கணக்கெடுத்து வாருங்கள் என்றார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

மேலே சொன்ன நவீன பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வு முறை இருக்கிறது, புள்ளியியல் இருக்கிறது, களத்தில் தங்குவது இருக்கிறது. கூடவே ஒன்று அதிகம்: அந்தக் கணக்குக்கு ஒரு வேலை இருந்தது. விளைச்சலையும் செலவையும் கூட்டிக் கழித்து, இந்த நிலவரியை இந்த விவசாயி கட்ட முடியுமா என்று அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே கேட்பதற்கான கணக்கு அது. மாணவனின் மதிப்பெண்ணுக்காக எடுத்தது அல்ல. 1931ல் அது புத்தகமாக வந்தது.

குமரப்பா தே. கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தது 1950களில், உடம்பு தளர்ந்த பிறகு. 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில், மதுரையில் இறந்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கல்லுப்பட்டியை பஸ் மாறுகிற இடமாகத்தான் அறிந்திருக்கிறார்கள். எந்தச் சர்வதேச வளர்ச்சிப் படிப்பின் முதல் ஆண்டிலும் கற்பிக்கத் தகுந்த ஒரு மனிதர் அங்கே இருந்தார் என்று எனக்கும் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

காந்தியவாதிகள் இதை ஒரு முறையான பட்டமாக்கவும் முயன்றார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் ஓர் அமெரிக்கர். ஆர்தர் மார்கன். முறையான பட்டம் இல்லாத பொறியாளர். அணைகளும் வெள்ளத் தடுப்புகளும் கட்டியவர். ஆன்டியாக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது 1921ல், மாணவர்கள் கொஞ்ச காலம் படிப்பு, கொஞ்ச காலம் வெளியே வேலை என்று மாறி மாறிச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். 1933ல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவர், 1938ல் ரூஸ்வெல்ட் அவரை நீக்கினார். 1948ல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தில் உறுப்பினராக இந்தியா வந்தார். அந்த அறிக்கையில் கிராமப் பல்கலைக்கழகங்கள் என்ற கருத்து இடம்பெற்றதில் அவர் பங்கு பெரியது. நடுவில் பொது வசதிகள், சுற்றிலும் சின்னச் சின்ன உறைவிடக் கல்லூரிகள், படிப்போடு வேலை. டென்னசியும் சேவாகிராமமும் சந்தித்துக்கொண்ட இடம்.

அதிலிருந்து ஸ்ரீமாலி குழு, அதிலிருந்து 1956ல் நாடெங்கும் கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள். தமிழ்நாட்டில் முக்கியமானது திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமம். டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947ல் தொடங்கிய இடம். அங்கே கொடுத்தது கிராமப் பணியில் மூன்றாண்டுப் பட்டயம். பட்டயம்தான், பட்டம் இல்லை. அரசாங்க வேலைக்குப் பி.ஏ.வுக்குச் சமம் என்று மத்திய அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் எம்.ஏ. படிக்க இடம் கொடுப்பதில் பல்கலைக்கழகங்கள் இழுத்தடித்தன. பையன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்டால் 'பி.ஏ. மாதிரி' என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் 'மாதிரி' என்ற வார்த்தைக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். நாட்டின் மற்ற கிராமிய நிறுவனங்கள் பல, கொஞ்ச காலத்தில் பக்கத்துப் பல்கலைக்கழகங்களுக்குள் கரைந்துவிட்டன. காந்திகிராமம் 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தப்பித்தது. பட்டம் கொடுக்க ஆரம்பித்தது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கும் திட்டம் அங்கே பாடத்தோடு சேர்ந்தே தொடர்ந்தது.

மற்ற எல்லாக் கல்லூரிகளுக்கும் கிடைத்தது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டான 1969ல் முப்பத்தேழு பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம். நானும் போயிருக்கிறேன். கல்லூரி பஸ்ஸில் ஏற்றி, திருச்சுழிக்குக் கிழக்கே ஓர் ஊரில் இறக்கிவிட்டார்கள். ஊரணிக் கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டச் சொன்னார்கள். அரிவாள் பிடிக்கத் தெரியாத ஐம்பது பேர் வெட்டினோம். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அந்த முள்ளைக் கரிமூட்டம் போடுவதற்கென்று ஒரு குடும்பம் பஞ்சாயத்தில் ஏலம் எடுத்திருக்கிறது. அந்த அம்மா வந்து, "ஆரைக் கேட்டு வெட்டுனீக?" என்று சத்தம் போட்டார். அந்தக் கல்லூரியின் முகாம் அறிக்கையில் நாங்கள் அகற்றிய மரங்களின் எண்ணிக்கை இருந்தது. அந்த அம்மா இல்லை.

என் தொழிலில் 'ரெக்வயர்மெண்ட்' என்றால், பயன்படுத்துகிறவருக்கு என்ன வேண்டும் என்று எழுதி வைப்பது. கல்லூரியில் அதே வார்த்தைக்கு, மாணவன் என்ன செய்து முடிக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு வார்த்தைதான், ஆனால் அந்த முகாமில் இரண்டாவது அர்த்தம் முழுக்க நிறைவேறியது.

*

அந்த அம்மாவின் கேள்வியையே ஆராய்ச்சி முறையாக மாற்றிய ஒரு காலம் எங்கள் பக்கத்தில் வந்தது. 1985ல் இராமநாதபுரத்தைப் பிரித்தபோது அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் காமராஜர் மாவட்டமாயின. 1997ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தபோது அது விருதுநகர் மாவட்டமானது. இடைப்பட்ட அந்தப் பன்னிரண்டு வருடத்தில், மதுரையைச் சேர்ந்த ஸ்பீச் என்ற தொண்டு நிறுவனம் காமராஜர் மாவட்டத்தின் வறண்ட கிராமங்களில் வேலை செய்தது. ஜான் தேவவரமும் அவருடைய சகாக்களும் அங்கே செய்ததைப் பற்றி எழுதிய கட்டுரை 1991ல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் வெளியானது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த பயிற்சியாளர் கூட்டத்தின் தொகுப்பு அது.

முறையின் பெயர் பங்கேற்பு ஊரக மதிப்பீடு. கேள்வித்தாள் கிடையாது. ஊர்ப் பொதுவிடத்தில் தரையைக் கூட்டி, கோலப்பொடியாலும் கல்லாலும் குச்சியாலும் ஊர்க்காரர்களே வரைபடம் போடுவார்கள். கம்மாய் இங்கே, மடை இங்கே, மறுகால் அங்கிட்டு, கரிசல் எது, செவல் எது. எந்த வீட்டுக்கு எவ்வளவு முடை என்று விதைகளை வைத்துக் கணக்குக் காட்டுவார்கள். புளியங்கொட்டையில் பல்லாங்குழி ஆடின கைக்கு இது புதிதா என்ன? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, முதுகலை படித்தவரைத் திருத்துவார். "தம்பி, ஓடை அங்கிட்டுப் போகாது."

இதை உலகமெங்கும் எடுத்துக்கொண்டு போனவர்களில் பெரிய பெயர் ராபர்ட் சேம்பர்ஸ். நான் முன்பு சொன்ன சசெக்ஸ் நிறுவனத்துக்காரர். 1989 முதல் 1991 வரை ஹைதராபாதில் இருந்தார். இந்தியத் தொண்டு நிறுவனங்கள் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். 1983ல் அவர் எழுதிய புத்தகத்தில், வெளியிலிருந்து கிராமத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு என்னென்ன தெரியாமல் போகிறது என்று வரிசைப்படுத்தியிருக்கிறார். தார்ச்சாலை ஓரத்து ஊர்தான் தெரியும். திட்டம் நடக்கிற ஊர்தான் தெரியும். ஆண்கள்தான் பேசுவார்கள். வசதியான பருவத்தில்தான் போவார்கள். இந்தக் கடைசி விஷயம் எங்கள் ஊருக்குச் சட்டென்று பொருந்துகிறது. பார்வையாளர்கள் திருச்சுழிப் பக்கம் தை மாதம் வந்தால் கம்மாயில் தண்ணீர் கிடக்கும், மிளகாய்ச் செடி பச்சையாக நிற்கும், மல்லி வாசம் அடிக்கும். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் வர வேண்டும். மழையை நம்பி விதை வாங்க நகையைக் கொண்டுபோய் வைக்கிற நேரம் அது. அருப்புக்கோட்டை அடகுக் கடைகளின் வாசலில் நிற்கிற செருப்புகளை எண்ணினாலே ஒரு தாள் தேர்வு எழுதிவிடலாம்.

இன்று உலகத்தில் எங்கே வளர்ச்சி படித்தாலும் இந்த முறையைப் பற்றி ஒரு வாரமாவது பாடம் இருக்கும். என் அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நம்ம ஊர் பாடத்துல இருக்கு. நம்ம ஊர்ல பாடம் இல்ல" என்றாள்.

இந்த முறைக்கும் சீக்கிரமே விமர்சனம் வந்தது. தரையில் போட்ட கோலம் அழிந்துவிடும், தாளில் நகலெடுத்தது நிறுவனத்தோடு போய்விடும். பொதுவிடத்தில் போட்ட படம் என்றால் பொதுவிடத்துக்கு யார் வர முடியுமோ அவர்களின் படம். 2001ல் 'பங்கேற்பு: புதிய கொடுங்கோன்மையா?' என்ற தலைப்பிலேயே ஒரு தொகுப்பு வந்தது. உதவி நிறுவனங்கள் இதை ஒரு சடங்காக்கிவிட்டன, முடிவை முன்பே எடுத்துவிட்டுக் கோலம் போடச் சொல்கின்றன என்பது குற்றச்சாட்டு. எனக்கு அந்தப் புத்தகத்தோடு பெரும்பகுதி உடன்பாடுதான். ஆனாலும் ஏலம் எடுத்த அந்த அம்மாவை முதல் நாளே ஒரு கோலத்தின் முன் உட்கார வைத்திருந்தால் அவருடைய கரி தப்பித்திருக்கும் என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை.

இந்த விவகாரத்தில் நான் மிகவும் மதிக்கிறவர் டேவிட் மோஸ். 1980களின் தொடக்கத்தில் பழைய இராமநாதபுரம் சீமைக்கு வந்து ஒரு கிராமத்தில் தங்கி, கண்மாய், சாதி, கிறிஸ்தவம் எல்லாவற்றையும் படித்தவர். எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி அவர் 2003ல் எழுதிய புத்தகத்தைவிட நல்ல புத்தகம் நான் பார்த்ததில்லை. அதே கிராமத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து 2012ல் இன்னொன்று எழுதினார். இடையில் மேற்கு இந்தியாவில் பிரிட்டிஷ் உதவியோடு நடந்த ஒரு விவசாயத் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தார். அந்தத் திட்டம் உண்மையில் எப்படி நடந்தது என்று 2005ல் புத்தகம் எழுதினார். அச்சுக்குப் போகும் முன்பே கையெழுத்துப் பிரதியைக் கூட வேலை பார்த்தவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார். அவர்கள் கொதித்துப்போனார்கள். பல்கலைக்கழகத்திடமும் மானிடவியலாளர் சங்கத்திடமும் புகார் போனது, வெளியிடக் கூடாது என்றார்கள். மோஸ் உட்கார்ந்து பதில் சொன்னார், பிறகு வெளியிட்டார். இத்தனை ரகளையும் ஏன்? எழுதப்பட்டவர்கள் ஆங்கிலம் தெரிந்த நிபுணர்கள். தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடிந்தவர்கள். கிராமத்தைப் பற்றி எழுதினால் இந்தத் தொந்தரவு அநேகமாக இல்லை.

ஸ்லேட்டரின் கேள்வித்தாள் முதல் இன்றைய எட்டு மாதம் வரை, நூறு வருடப் பாடத்திட்டங்கள் எல்லாம் மாணவனைக் கிராமத்துக்குப் போ என்கின்றன. எழுதியதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் அவர்களுக்குக் காட்டு, அவர்கள் திருத்துவதையும் சேர்த்துக்கொண்டு வா, அப்போதுதான் பட்டம் என்று சொல்கிற ஒன்றை நான் பார்த்த வரையில் காணோம். மாத்தர் தாலுகாவில் வரிக் கணக்கு என்பதால் அது கொஞ்சம் நடந்திருக்கலாம். ஸ்லேட்டரின் பையன்களுக்குச் சொந்த ஊர் என்பதால் தானாக நடந்திருக்கலாம். நிபந்தனையாக இல்லை.

*

2018 ஜனவரியில் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 112 மாவட்டங்கள், தமிழ்நாட்டில் இரண்டு: இராமநாதபுரம், விருதுநகர். அதாவது 1910ல் ஒட்டிய அந்தப் பழைய ஜில்லாவின் பெரும்பகுதி. 49 குறியீடுகள், மாதாமாதம் தரவரிசை. நிதி ஆயோக்கின் திரையில் எங்கள் மாவட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தொழில் ரீதியாக இம்மாதிரித் திரைகளைச் செய்கிறவன் என்பதால், அதற்குப் பின்னால் ஒவ்வோர் எண்ணையும் யாரோ ஓர் அங்கன்வாடிப் பணியாளர் ஒரு பதிவேட்டில் எழுதியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பணியாளருக்கு வளர்ச்சியில் பட்டம் கிடையாது. தேவையான களப்பணி மணிநேரம் மட்டும் ஏராளம்.

அக்கா மகள் கனடாவுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள், காந்திகிராமத்துக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். இரண்டும் கிடைத்தால் என்ன செய்வது என்று வீட்டில் இரண்டு கட்சி. நான் எந்தக் கட்சி என்று அக்கா கேட்டாள். காசைப் பார்த்தால் காந்திகிராமம், அவள் முகத்தைப் பார்த்தால் கனடா என்றேன். கனடா போனால், அந்த எட்டு மாதத்தைத் திருச்சுழிப் பக்கம் போட்டுத் தருவார்களா என்று கடிதம் எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சொந்த நாட்டுக்கே வந்து தங்க விடுவார்களா, வேறு நாட்டுக்குத்தான் போக வேண்டுமா என்று அவர்கள் பட்டியலில் தெளிவாக இல்லை.

இதற்கிடையில் ஸ்லேட்டர் கேட்டமாதிரிக் கேள்விகளைத் தமிழில் எழுதி, என் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள். அவளுக்கு அம்மாச்சி. பிறந்தது திருச்சுழிப் பக்கம், வாக்கப்பட்டது அருப்புக்கோட்டை. வீடு, மாடு, கிணறு வரைக்கும் அம்மா ஒழுங்காகச் சொன்னார். கம்மாய் எத்தனை தடவை மறுகால் போனது என்று கேட்டதற்கு வருடமெல்லாம் வரவில்லை, பிள்ளைகள் பிறந்ததையும் யார் யார் செத்ததையும் வைத்து ஐந்து தடவை சொன்னார். கடன் எவ்வளவு இருந்தது என்று கேட்டதும் நிறுத்திவிட்டார்.

"அதை எதுக்கு எழுதுற? ஆரு படிப்பாக?"

"காலேஜ்ல, அம்மாச்சி."

"அப்ப எங்கய்யா வாங்குனதை மட்டும் எழுதாத. அடைச்சதையும் எழுது" என்றவர், ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். ஸ்லேட்டர் மாதிரியில் அவள் போட்டு வைத்திருந்த கட்டத்தில் அதற்கு இடம் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள்.